முடி தெரியாத ரோக் பாட்டு

வலது கட்டைவிரல் வீடியோ டெக்கின் சக்கரத்தைத் துளித்துளியாகத் திருப்புகிறது. இடது கை பொத்தானின் மேல் காத்திருக்கிறது. திரையில் கிதாரின் கழுத்து, நான்கு விரல்கள், அப்புறம் தோளில் விழும் முடி. சக்கரம் பின்னால் போகிறது. வேறு துண்டு. அதிலும் முடி.

திங்கட்கிழமை காலையிலிருந்து தேடி, நான்கு நிமிடப் பாட்டுக்கு முடி இல்லாத படம் இருபத்திரண்டு விநாடிதான் கிடைத்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடையின் மாடியில் பதினோரு ஆண்டுகளாகக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவர் வேலாயுதம். யாரும் சொல்லித் தந்ததில்லை. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் விஜயன், தன் ரோக் குழுவின் பாட்டுக்குப் படம் வேண்டும் என்று 1991-இல் வந்து நின்றபோது, செராஸில் ஒரு கடையில் வெளிநாட்டுக் கேசட்டுகளை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் பார்த்தார். கேமரா முழங்காலுக்குக் கீழே, விளக்கு முதுகுக்குப் பின்னால், தரையோடு புகை. இதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிட்டது. எங்கே வெட்டுகிறார்கள் என்பதுதான் நான்காம் நாள் பிடிபட்டது. கல்யாணத்தில் கெட்டிமேளம் விழும் இடத்தில் வெட்ட வேண்டும். இந்தப் பாட்டுகளில், தலையை ஆட்டும்போது முடி விழும் இடத்தில்.

அப்படியே வெட்டிக் கொடுத்தார். டிவி நிலையத்திலிருந்து கேசட் திரும்பி வந்தது. ஆண்களின் நீண்ட முடி திரையில் தெரியக் கூடாதாம், அரசாங்க உத்தரவாம். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றித் தந்தால் பார்ப்பார்களாம்.

"முடியை வெட்டிட்டு வா. திரும்ப எடுத்துடலாம்" என்றார் வேலாயுதம்.

"வெட்டினா நான் வெறும் லோரிக்காரன் அண்ணே."

"இப்பவும் லோரிதானே ஓட்டுற?"

"அது பகல்ல லா." விஜயன் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவை என் மூஞ்சி டிவியில வரணும். லோரி யார்ட்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை, டிரம் அடிக்கும் சபாபதி ஒரு யோசனை சொன்னான். அவன் மாமா கல்யாண அலங்காரச் சாமான் வாடகைக்கு விடுபவர். முடியையெல்லாம் சுருட்டி, மாப்பிள்ளைத் தலைப்பாகைக்குள் திணித்துக்கொண்டு குழுவின் நான்கு பேரும் நின்றார்கள். சிவப்புப் பட்டு, ஜரிகை, நெற்றிக்கு மேல் குஞ்சம். வேலாயுதம் கேமராவில் கண்ணை வைத்தார், உடனே விலக்கினார்.

"நாலு மாப்பிள்ளை நிக்கிறீங்க. பொண்ணு எங்க?"

ஒரு நாள் போனது.

புதன்கிழமை விஜயனை மட்டும் உட்கார வைத்து, மணப்பெண்ணுக்கு வைக்கும் நெருக்கத்தில் புருவத்திலிருந்து தாடை வரை எடுத்தார். பாட்டின் வேகத்தில் விஜயன் தலையை ஆட்டியதும் முடி கன்னத்தில் வந்து ஒட்டியது. இரண்டாம் முறையும் அதே. ஐந்தாம் முறை வேலாயுதம் கத்தினார்.

"ஆடாத! செத்தாலும் ஆடாத!"

முடியைப் பின்னால் இறுக்கிக் கட்டி, கழுத்தை விறைத்துக்கொண்டு விஜயன் பாடினான். பாஸ்போர்ட் படத்துக்கு வாய் அசைவது போல இருந்தது.

"நல்லா இருக்கா அண்ணே?"

"கேவலமா இருக்கு."

கல்யாணத்தில் கேமரா ஆடக் கூடாது. தாலி கட்டும்போது கூட்டம் இடித்தாலும் அவர் கை ஆடியதில்லை. அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள். வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கேமராவைத் தோளில் ஏற்றினார். பாட்டில் டிரம் அடி விழும் இடத்தில் தன் இடுப்பிலிருந்து குலுங்கினார். மறுபடி, மறுபடி. திரையில் விஜயனின் அசையாத முகம் எகிறி எகிறி விழுந்தது. பதினான்கு முறை எடுத்தபின் வலது தோள் மேலே வரவில்லை.

வியாழன் முழுதும் வெட்டினார். கிதார் விரல்கள், பெடலை மிதிக்கும் பூட்ஸ், நடுவில் அந்த முகம். படம் ஓடியது. முடி ஆடி விளக்கை மறைக்கும் அந்த ஒரு கணம் இல்லாமல், எல்லா வெட்டும் ஏதோ ஒன்றைத் தாண்டிக் குதிப்பதுபோல அவருக்குத் தோன்றியது. மூன்று இடத்தை மாற்றினார். அதில் இரண்டைத் திரும்பப் பழையபடியே வைத்தார். எரிச்சலில் டெக்கை ஒரு தட்டு தட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை விஜயன் வந்து, நின்றபடியே முழுப் பாட்டையும் பார்த்தான்.

"நான்தானே இது?" என்றான்.

"நீதான். பாட்டுதான் இது இல்ல. இன்னும் ரெண்டு நாள் கிடைச்சா..."

"இன்னிக்குத்தான் கடைசி நாள், அண்ணே."

வேலாயுதம் டெக்கிலிருந்து கேசட்டை எடுத்தார். மேலே வேறு எதுவும் பதிவாகி அழிந்துவிடாமல் இருக்க அதன் ஓரத்துப் பிளாஸ்டிக் துண்டை உடைத்தார். பெயர் எழுதிய காகிதத்தை ஒட்டி, நகத்தால் ஓரங்களைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, விஜயனின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.