வாள் பள்ளியில் என் மருமகளின் சத்தியம்

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு சனிக்கிழமை, மருமகள் சுகந்தியுடன் மொன்றியலில் உள்ள பழைய மரபு ஜப்பானிய வாள் பள்ளி ஒன்றுக்குச் சென்றேன். டோர்வல் விமான நிலையத்தில் பணிபுரியும் அவள் ஆறு ஆண்டுகளாக அங்கே பயின்றவள். அன்று அவளை முறையான சீடராக ஏற்க ஆசிரியர் இசைந்திருந்தார். குடும்பத்து மூத்தவர் ஒருவர் நேரில் வந்து சம்மதம் தரவேண்டும் என்பது அவரது நிபந்தனை.

நாங்கள் வசிக்கும் பியர்பொன்ட்ஸில் காலை எட்டரைக்குப் பேருந்து ஏறினோம். கோத்-வெர்து நிலையத்தில் மெட்ரோவுக்கு மாறி, லோரியேயில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கவேண்டும். எல்லாமாக ஒன்றரை மணி நேரம். ஒரே பயணச்சீட்டு போதும்.

"மாமா, அங்க வந்து காஞ்சிபுரக் கதையை மட்டும் எடுக்காதேங்கோ," என்றாள் பேருந்தில்.

காஞ்சியிலிருந்து சீனம் சென்ற துறவியே கீழைத்தேயப் போர்க்கலைகள் அனைத்துக்கும் மூலவர் என்று நம்மவர் பெருமையுடன் சொல்வதுண்டு. நானும் கோயில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் பிள்ளை, உண்மைதானே?"

"உண்மையோ பொய்யோ, இண்டைக்கு வேண்டாம்."

பள்ளி, பழைய களஞ்சியம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. மரத்தரை பளபளத்தது. சுவரில் உயரமாக ஒரு சிறு மாடம், உருவம் ஏதுமில்லை. அரிசி, உப்பு, நீர் படைத்திருந்தார்கள். என்னை அறியாமலே கைகூப்பினேன்.

ஆசிரியர் நரைத்த தலையர், கியூபெக்காரர். ஜப்பானில் நெடுங்காலம் பயின்றவர். தேநீர் தந்தார். என் நா அடங்கவில்லை. காஞ்சிக் கதையைச் சொல்லிவிட்டேன். சுகந்தி கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, பிரெஞ்சில் பெயர்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுப் பதிலளித்தார்.

"மாமா, அது சீனத்துக் கலையளுக்குச் சொல்லுற கதையாம்; அதிலயும் அறிஞர்மாருக்குச் சந்தேகமாம். கராத்தேக்கு ஒக்கினாவாத் தீவு வழியாச் சீனத் தொடர்பு இருக்குதாம். இந்த வாளுக்கு இல்லையாம்."

போரில் சலித்த ஒரு வீரர் ஆலயமொன்றில் நோன்பிருந்து, அங்குறையும் தெய்வத்திடமிருந்து இக்கலையைப் பெற்றார் என்பது இப்பள்ளியின் மரபு. அவர் பெயருக்கு மேல் இன்னொரு பெயரை வைக்கும் உரிமை தமக்கும் இல்லை, இன்று சேரப்போகிறவளுக்கும் இல்லை என்றார் ஆசிரியர். பின்பு என்னை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். சுகந்தியின் குரல் இறங்கியது.

"உங்கட வீட்டுத் தெய்வம் வேற. இந்தத் தெய்வத்துக்கு முன்னால நான் சத்தியம் செய்யிறது உங்களுக்குச் சம்மதமோ எண்டு கேக்கிறார். இல்லையெண்டால் சேர்க்கமாட்டாராம்."

நம் ஆகம மரபிலும் குரு வரிசை இறைவனிடமிருந்தே தொடங்குகிறது. இதை அறிந்திருந்தும், தெய்வம் நிற்குமிடத்தில் ஒரு தமிழரை நிறுத்தப் பார்த்திருக்கிறேன்.

"ஓம் பிள்ளை, சம்மதம் எண்டு சொல்லு. எந்தப் பேரில கும்பிட்டாலும் ஏற்கிறவன் ஒருத்தன்தான் எண்டும் சொல்லு."

"முதல்ல சம்மதத்தைச் சொல்லுறன் மாமா. மிச்சத்தைப் பேந்து பாப்பம்."

அனுமதியின்றிக் கற்பிப்பதில்லை, பிற பள்ளிகளை இகழ்வதில்லை என்று சத்தியம் செய்தாள். விரல்நுனியில் ஊசியால் குத்தி, சத்தியப் பத்திரத்தில் தன் பெயருக்கருகே குருதிப் பொட்டு வைத்தாள். அதன்பின் ஆசிரியரும் கூடியிருந்த சீடர்களும் அந்த ஆதி வீரர் தொடங்கிக் குருமாரின் பெயர்களை வரிசையாகச் சொல்லி வணங்கினர்.

பள்ளியைக் காண விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கட்டணம் இல்லை. வாசலிலேயே காலணியைக் கழற்றுங்கள்; படம் எடுக்காதீர்கள். தரையில் அமர முடியாத என்போன்றோருக்கு நாற்காலி தருகிறார்கள். ஒரு கலையின் பிறப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதைச் சொல்லுமுன், அதைக் காத்துவருவோர் சொல்வதைக் கேளுங்கள்.

திரும்பும் மெட்ரோவில், "சீடரானதால் இனி என்ன மாறும் பிள்ளை?" என்று கேட்டேன்.

"சீடர் வரிசையில இப்ப கடைசிப் பேர் என்ரதான், மாமா. அதால தரை துடைக்கிறதும் நான்தான்," என்று ஊர்முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.