கடைவாயில் ஒரு கருப்புப் புள்ளி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் இத்தனை வருடத்தில் என் வாய்க்குள் டாக்டரைத் தவிர யாரும் எட்டிப் பார்த்ததில்லை. திருவண்ணாமலையில் அண்ணன் வீட்டுக்குச் சாத்துக்குடியோடு நலம் விசாரிக்க வருகிறவர்கள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செல்போன் டார்ச்சை எடுக்கிறார்கள். "ஆ காட்டு." காட்டுகிறேன். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஞானம் தேடி வெள்ளைக்காரர்கள் வரும் ஊருக்கு ஞானப்பல்லைப் பிடுங்க வந்தவன் நான்.

அங்கேயே பிடுங்கியிருக்கலாம். ஆனால் அந்த ஊர்ப் பல் மருத்துவர் அம்மாள், உதடு மரத்துப் போகலாம், தாடையில் விரிசல் விழலாம், காயத்தின் எலும்பு காய்ந்து போகலாம் என்று சமையல் குறிப்பு போல நிதானமாகச் சொன்னார். "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். நம்மூரில் அதற்கு 'ஆளை விடு' என்று பொருள். அவரோ மறுநாள் காலை போன் செய்து, "யோசித்துவிட்டீர்களா?" என்றார். பயந்துபோய் விமான டிக்கெட் போட்டேன். இங்கே பல் டாக்டரம்மாவிடம் என்னவெல்லாம் ஆகலாம் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவாது சார்." அதில்தான் சந்தேகம் முளைத்தது. எல்லாவற்றையும் சொன்னவரையே நம்பாதவன், எதையும் சொல்லாதவரை எப்படி நம்புவது? ஆனாலும் பிடுங்கிக்கொண்டேன். தையல் நூல் தானே கரைந்துவிடுமாம். அண்ணனின் லுங்கியே இன்னும் கரையவில்லை.

வெள்ளிக்கிழமை விமானம். புதன்கிழமை காலை கண்ணாடியில் பார்த்தால், பல் இருந்த பள்ளத்தில் வெள்ளையாக ஒரு படலம், நடுவில் கருப்புப் புள்ளி. அண்ணி டார்ச் அடித்தார். "வெள்ளையா இருக்கறது சீழு தம்பி. கருப்பு எலும்பு. அழுவ ஆரம்பிச்சிடுச்சு போல."

"நீ பேசற பேச்சு கொஞ்சமா நஞ்சமா?" என்றார் அண்ணன். "எலும்பும் எத்தினி நாளு தாங்கும்?"

எலும்பு கெட்டிருந்தால் விமானம் ஏற முடியாது, லீவும் முடிந்துவிடும். அன்று பௌர்ணமி, ஆட்டோவை உள்ளே விடவில்லை. தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு, கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் அண்ணியோடு நடந்தேன். "சாமி மவுன விரதம்னு நெனைக்கிறேன்" என்று ஓர் அம்மாள் என் கையில் வாழைப்பழம் வைத்துக் கும்பிட்டுப் போனார்.

டாக்டரம்மா உப்புத் தண்ணீர் பீச்சி, இடுக்கியால் எதையோ எடுத்தார்.

"என்ன சாப்ட்டீங்க?"

"நீங்க சொன்ன தயிர் சோறுதான்."

"தாளிச்சதா?"

அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளியூர்லருந்து வந்த ஆளுக்குத் தாளிக்காத தயிர் சோத்த எப்டிங்க போடறது?"

பஞ்சின் மேல் ஒரு கடுகு. நிஜமாகவே கடுகுதானா என்று முகர்ந்தும் பார்த்தேன். அதைவிட, பிறந்த வீட்டில் நான் 'வந்த ஆள்' ஆகியிருந்ததுதான் சுருக்கென்றது.

"வெள்ளையா இருக்கறது சீழ் இல்ல சார், புதுசா சதை வளருது. எலும்பு காஞ்சிருந்தா வலியில இப்டி நின்னு வாசனை பாக்க மாட்டீங்க. நாக்கால நோண்டாதீங்க."

"விமானம் ஏறலாமா?"

"தாராளமா. ஈறு மூட சில வாரம் ஆவும், உள்ள எலும்பு வளர மாசக்கணக்காவும். அங்க போய் மூடிக்கும்."

பிடுங்கிய பல்லைக் கேட்டேன். சிரித்தார். அது அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டதாம்.

ஆக, பல் இந்த ஊரிலேயே எங்கோ தங்கிவிட்டது. பள்ளம் மட்டும் வெள்ளிக்கிழமை என்னோடு வருகிறது. இங்கே திறந்த காயம் அங்கே போய் மூட வேண்டும். அதுவரை எந்த ஊர்ச் சோறானாலும் ஒரு பக்கமாகத்தான் மென்றாக வேண்டும்.