ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு வண்டி

என் அம்மா புருல் கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் டிராலிபஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். வண்டி மட்டும் இல்லை. போன மாதம் இறந்துவிட்டார். எனக்கு இரங்கல் எழுத வராது. நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கும் பொறியாளர். அம்மா செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் கட்டடம் ஒன்பது மாடி, எங்கள் வீடு உச்சியில். லிஃப்ட் நின்று இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. எங்கள் எதிர்வீட்டு ஜூமகுல் எஜே, அதாவது ஜூமகுல் அக்கா, அத்தனை காலமும் கீழே இறங்கவில்லை. முழங்கால் வலி. ஊரெல்லாம் நிலக்கரிப் புகை என்பதால் ஜன்னலும் திறப்பதில்லை. கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது, பேச்சு குறைந்தது. நடக்காவிட்டால் சீக்கிரமே படுத்த படுக்கைதான் என்று வீட்டுக்கு வந்த மருத்துவர் சொன்னார். ஒன்பது மாடி ஏறிய களைப்பில் அவரே சற்றுநேரம் படுத்திருந்துவிட்டுத்தான் போனார்.

"ஒன்பது மாடிய ஒரே மூச்சுல எறங்கச் சொன்னா எப்படி? நடுவுல நிறுத்தம் வேணும்டி" என்றார் அம்மா.

ஒவ்வொரு மாடியிலும் வீட்டுக் கதவை ஒட்டி, சுவரோடு மடங்கும் இருக்கை ஒன்றைப் பொருத்தினேன். தீப்பிடித்தால் வழியை அடைக்கக் கூடாது, அதனால் மடங்கும் வகை. ஒவ்வொன்றுக்கு மேலும் அம்மா பெயின்டில் ஒரு நிறுத்தத்தின் பெயரை எழுதினார். எட்டாம் மாடி சந்தை. ஐந்தாம் மாடி ரயில் நிலையம். பிள்ளைகள் நிறைந்த ஏழாம் மாடிக்கு சர்க்கஸ். அந்த வீட்டுக்காரர்கள் மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை முதல் பயணம்.

"கதவுகள் மூடப்படுகின்றன. அடுத்த நிறுத்தம் சந்தை" என்று அம்மா படிக்கட்டே அதிர அறிவித்தார்.

"டிக்கெட் யாரு எடுக்கறது?" என்றார் ஜூமகுல் எஜே.

"பென்ஷன்காரங்களுக்கு இலவசம். ஏறு. ம்ஹூம், எறங்கு."

எங்கள் ஊரில், வாசலுக்கு வந்தவர் ரொட்டி பிட்காமல் போகக் கூடாது. நீட்டிய ரொட்டியை மறுக்கவும் கூடாது. இருக்கைகளை வாசலில் வைத்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை. சந்தையில் உட்கார்ந்ததுமே கதவு திறந்தது. ரொட்டி வந்தது, ரொட்டியோடு வெண்ணெய், வெண்ணெயோடு தேநீர். சர்க்கஸில் பாதாமி ஜாம். ஆறாம் மாடியில் கென்ஜே சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுத்த போர்சோக் மாவுத் துண்டுகளைத் தட்டு நிறைய நீட்டினாள். மேல்மாடிக்காரர்களைவிடக் குறைவாகத் தர யாருக்கும் மனம் வரவில்லை.

ரயில் நிலையத்தில் ஜூமகுல் எஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "புருல், இன்னும் ஒரு படி எறங்கினா நான் வெடிச்சிருவேன்."

திரும்பினோம். ஏறும்போது மறுபடி எல்லா வாசலிலும் ரொட்டி. உடற்பயிற்சியில் ஒருவருக்கு எடை கூடியதை அன்றுதான் பார்த்தேன்.

இனி ஒரு துணுக்குக்கு மேல் யாரும் தரக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டார். கென்ஜே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"சர்க்கஸ் வீட்டு ஜாம் இனிக்குது, என் போர்சோக் மட்டும் கசக்குதா எஜே?"

"கசக்கலடி. நெஞ்ச அடைக்குது."

கென்ஜே கதவைச் சாத்திய வேகத்தில் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. பாதி வீடுகள் அவள் பக்கம், பாதி அம்மா பக்கம். "என்னால கட்டடமே சண்ட போடுது. நான் வீட்டுக்குள்ளயே கெடக்கறேன்" என்று ஜூமகுல் எஜேயும் கதவை மூடிக்கொண்டார். வார முடிவில் கால் மறுபடி வீங்கியிருந்தது.

அம்மா ஆறாம் மாடிக்கு இறங்கினார். தட்டவில்லை. கென்ஜே வாசல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு தொண்டையை மட்டும் செருமினார். வேறு வழியில்லை. கென்ஜே ரொட்டியோடு கதவைத் திறந்தாள்.

"நான் தொறந்துதான் ஆகணும்னு தெரிஞ்சே வந்து உக்காந்திருக்கீங்க."

"பின்ன? பிட்டுக் குடு."

இருவரும் முதலில் முறைத்தார்கள், பிறகு சிரித்தார்கள். ரொட்டி தீர்வதற்குள் யோசனை பிறந்துவிட்டது. கட்டடத்துக்கே ஒரு வாசல் உண்டு. அது கீழே இருக்கிறது. எல்லா வீட்டு ரொட்டியும் இனி அங்கேதான்.

அடுத்த ஞாயிறு முற்றத்துப் பாப்லர் மரத்தடியில் மேசை போட்டோம். அம்மா மேலே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஜூமகுல், உனக்காகக் கீழ எல்லா வீட்டு ரொட்டியும் காத்துக்கிட்டிருக்கு. பிட்காம விடப் போறியா?"

"இது மெரட்டல்."

"ஆமா. செருப்ப மாட்டு."

வழியில் கதவுகள் திறந்தன. புது ஏற்பாட்டின்படி எல்லாக் கைகளும் வெறுங்கைகள். சில இருக்கைகளில் ஜூமகுல் எஜே வெகுநேரம் உட்கார்ந்தார். ரயில் நிலையத்தைத் தாண்டியபோது சர்க்கஸ் பிள்ளைகள் விசிலடித்தார்கள். முற்றத்து வெயிலில் கண் கூச நின்று, முதல் துண்டைக் கென்ஜேயின் தட்டிலிருந்தே எடுத்தார். மென்றார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"சரி, மேல எப்படிப் போறது?"

அதை யாருமே யோசித்திருக்கவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கென்ஜேயின் தோளைப் பிடித்து ஏறி ஜூமகுல் எஜே வீடு சேர்ந்தபோது சாயங்காலம்.

அதன்பிறகு வாரந்தோறும், கோடையில் அநேகமாகத் தினமும் இறங்கினார். வீக்கம் வடிந்தது. மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். ஒரே ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் படிக்கட்டில் மற்றவர்களும் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். யாருக்கு மூச்சிரைக்கிறது, யாரை இரண்டு நாளாகக் காணோம் என்பதெல்லாம் கட்டடத்துக்கே தெரிந்தது.

இந்தக் குளிர்காலத்தில் அம்மாவின் இதயம் நின்றது. மறுநாள் காலையில், அம்மா இல்லாமல் ஜூமகுல் எஜேயை எப்படிக் கீழே அழைத்துப் போவது என்ற கவலையோடு எதிர்வீட்டைத் தட்டினேன். ஆள் இல்லை. கீழே ஓடினேன்.

எங்கள் வழக்கப்படி, அடக்கம் வரை அம்மாவைக் கிடத்துவதற்காக முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்பிக்கொண்டிருந்தது. ஜூமகுல் எஜே பனியில் கைத்தடியை ஊன்றி நின்று ஆண்களை அதட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரைக் கூட்டி வரவில்லை.

"அந்தப் பக்கம் இடைவெளி தெரியுது, இழுத்துக் கட்டுங்கடா. புருலுக்குக் குளிர் ஆகாது."

கயிற்றின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன்.