எட்டுக் கோப்பைத் தேத்தண்ணி

புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் வில்லரே வீட்டுப் பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே அந்த இரைச்சல் கேட்டது. விமானக் கண்காட்சிக்கு வந்த உலகயுத்தக் காலப் பொம்மர் விமானம்.

"மாமி, உள்ளுக்கு வாங்கோ!" என்று கத்தியபடி மருமகள் மேசைக்கடியில் புகுந்தாள். அவளுக்குத் தெரிந்த பொம்மர்கள் யாழ்ப்பாணத்தில் குண்டு போட்டவை.

எனக்குத் தெரிந்தது வேறொன்று. அந்த உலகயுத்தத்தில் என் தகப்பன், ஐயா, பலாலி விமானத்தளத்தில் சமையற்காரர். கடலில் எதிரிக் கப்பல் தேடிப்போகும் பொம்மர் ஒன்று எப்போதும் எட்டுப்பேரோடு திரும்பும். இரைச்சல் கேட்டதுமே ஐயா எட்டுக் கோப்பையை அடுக்கிவிடுவார்.

ஒருநாள் தரையிறங்க வந்தபோது அதன் சில்லு இறங்கவில்லை.

"இண்டைக்கு ஆருக்குத் தேத்தண்ணி?" என்றார் கூட வேலைசெய்தவர்.

"போனது எட்டுப்பேர்," என்று ஐயா தேயிலையைப் போட்டார்.

சிறுமியாயிருந்த நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். பொம்மர் வயிற்றால் தரையைத் தேய்த்து, தீப்பொறி பறக்க, ஒருபக்கச் செட்டையை முறித்துக்கொண்டு நின்றது. புழுதிக்குள்ளிருந்து எட்டுப்பேரும் நடந்து வந்தார்கள். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தட்டத்தோடு ஓடினார். தேத்தண்ணி ஆறவேயில்லை.

மேசைக்கடியில் குனிந்து மருமகளுக்கு இதைச் சொன்னேன்.

"எட்டுப்பேருமோ, மாமி?"

"ஓம் பிள்ளை, எட்டுப்பேரும்."

இரைச்சல் திரும்பவும் சுற்றி வந்தது. அவள் எழுந்து என்னோடு பல்கனிக்கு வந்தாள். பொம்மர் ஒன்றுக்கு அவள் கை காட்டியது அதுதான் முதல்தடவை.