ஜாம்பியாவில் ஒரு பள்ளிப் பேருந்து

எழுபதுகளின் தொடக்கத்தில், பென்னாகரத்தில் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு ஜாம்பியாவில் நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்தது.

"பொண்டாட்டி பின்னால போயி நீ என்னடா பண்ணுவ?" என்று லாரி மெக்கானிக்கான என் கணவரிடம் மாமனார் கேட்டார்.

"புள்ளைங்களப் பாத்துக்குவேங்கப்பா" என்றார் அவர்.

இரண்டு பிள்ளைகளோடு போனோம். சொன்னபடியே அவர் சமைத்தார், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார். ஆனாலும் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் முகம் வாடிவிடும்.

எங்கள் பள்ளியில் ஒரு பேருந்து பழுதாகிப் புல் முளைத்துக் கிடந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு அதை என் கணவர் கையில் ஒப்படைத்தேன். பல வாரம் மல்லுக்கட்டினார். ஒரு காலை அது உறுமிக் கிளம்பியது, பள்ளியே கைதட்டியது. அன்றே அவருக்கும் அங்கே வேலை.

பிள்ளைகளும் நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டோம். ஆளில்லாத சாலையிலும் அவர் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.