காதில் குச்சியில்லாத அட்டிலியோ

அட்டிலியோ ஃபெரான்தேயை வீரன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். புரூக்ளின் துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் அவனோடு மூட்டை இறக்கியவன் நான். காலையில் ஆள் எடுக்கும்போது காதில் பல் குச்சி செருகி நின்றால், ஆள் எடுப்பவனுக்குக் கூலியில் பங்கு தருகிறேன் என்று அர்த்தம். ஆள் எடுக்கும் தொழிலாளர் சங்கத்து ஆளான கீயோ குச்சியைப் பார்த்துத்தான் பெயரைக் கூப்பிடுவான். அட்டிலியோ ஒருநாளும் குச்சியில்லாமல் வந்ததில்லை. வீட்டில் நாலு பிள்ளைகள். நான் மட்டும் என்ன யோக்கியன், என் காதிலும் ஒன்று இருந்தது.

ஐம்பத்து நாலில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சங்க ஊழலைக் கிழிக்கப் போகிறார்களாம். குடிகாரத் தலைவன், நேர்மையான நிருபர், மனம் திருந்தும் ஆசைநாயகி, கடைசியில் கைவிலங்கு. பாதித் தூக்கத்தில் இருப்பவனும் சொல்லிவிடுவான் இந்தக் கதையை. படத்தில் கூட்டமாக நிற்க ஆள் பிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? கீயோதான். அதற்கும் குச்சி செருகித்தான் நின்றோம்.

அட்டிலியோவின் முகம் டைரக்டருக்குப் பிடித்துவிட்டது. "இனிமே ஒத்தக் காசு கிடையாது" என்று தலைவனாக நடிப்பவனிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உதவியாளன் ஒருவன் வந்து, "காதுல என்னய்யா குப்பை?" என்று குச்சியைப் பிடுங்கி எறிந்தான். ஊழலைப் படம் பிடிக்க வந்த மேதாவிக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

கேமரா பக்கத்தில் கீயோ காபி குடித்துக்கொண்டு நின்றான். அட்டிலியோ பயத்தில் நடிகனை விட்டுவிட்டு, கீயோவின் முகத்தைப் பார்த்தே வசனத்தைச் சொல்லித் தொலைத்தான். பிரமாதம் என்றார் டைரக்டர்.

மறுநாள் காலை இரண்டு காதிலும் குச்சியோடு வந்து நின்றான், மடையன்.

"ஹீரோ சாருக்கு எதுக்கு மூட்டை தூக்குற வேலை?" என்றான் கீயோ.

"பாஸ், அது அவங்க எழுதிக் குடுத்தது."

"அப்ப எழுதினவன்கிட்டயே போய் வேலை கேளு."

அதோடு அவனைக் கூப்பிடுவது நின்றது. எங்களில் ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. அட்டிலியோ ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவப் போனான்.

படம் வந்ததும் பார்த்தேன். அட்டிலியோ பேசியபோது தியேட்டரே கைதட்டியது. முன்வரிசையில் கீயோவும் தட்டினான். அவன் தட்டியதால் நானும் தட்டினேன்.

திரும்பும் வழியில் அந்தக் கடைக்குப் போய்ச் சொன்னேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அட்டிலியோ கேட்டான்: "கீயோ கைதட்டினானா? அப்ப நாளைக்கு என்னை வேலைக்குக் கூப்பிடுவான், இல்ல?"