இரண்டாவது அழைப்பு

இப்போதெல்லாம் அந்தத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஒரே ஒரு அழைப்பு போதும், வண்டி கிளம்பிவிடும். ஒரு பகுதியிலிருந்து போன் வருவது திடீரென்று நின்றுபோனாலும் கிளம்பிவிடும். அடடா, என்ன அருமையான ஏற்பாடு என்று யாரும் மெச்சிக்கொள்ள வேண்டாம். அந்தப் புத்தி சும்மா வரவில்லை.

அங்கே போன் எடுப்பவளை எல்லோரும் 'லைன் அக்கா' என்பார்கள். கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது மூக்குக்கண்ணாடி இல்லாமல் பொத்தான் தெரியாது. குடித்துவிட்டுக் கூப்பிட்டு வம்பளப்பவனைக்கூட நாலே வார்த்தையில் அடக்கிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கும் சைரன் பொத்தானைத் தொடுவதென்றால் பயம். ஒருமுறை யாரோ குப்பை எரித்த புகையை நம்பி அதை அழுத்திவிட்டாள். ஜனங்கள் அடித்துப்பிடித்து ஓடியதில் ஒரு பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்கப்புறம் மேலிடம் ஒரு விதி போட்டது: இரண்டு வெவ்வேறு எண்களிலிருந்து அழைப்பு வராமல் சைரனும் கிடையாது, வண்டியும் கிடையாது.

அந்த மத்தியானம் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் இருக்கும் மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியது அவளுடைய தம்பி.

"அக்கா, ஸ்கூலுக்குப் பின்னால காடு எரியுது. வண்டிய அனுப்பு."

அவள் கை சைரன் பொத்தான் பக்கம் போனது. ஆனாலும் வாய் பழக்கத்தில் பேசியது.

"வேற நம்பர்லேர்ந்து இன்னொருத்தரப் பேசச் சொல்லுடா."

"ஏன், கூடப் பிறந்தவன் பொய்யா சொல்வேன்?"

"விதிடா! சீக்கிரம் ஒரு ஆளப் பிடி."

இணைப்பு அறுந்தது. அவள் காத்திருந்தாள். திரையில் மேட்டுக் குடியிருப்புக்கான கட்டத்தில் தம்பியின் அழைப்பைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "வேற போனே வரல பாத்தியா? பெருசா இருந்தா இந்நேரம் குவிஞ்சிருக்குமே" என்றார். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போன் வராவிட்டால் ஆபத்து இல்லை என்றுதான் அந்த அறையில் எல்லோரும் நம்பிப் பழகியிருந்தார்கள். பாழாய்ப்போன நம்பிக்கை!

மனசு கேட்காமல் தம்பியைத் திரும்பக் கூப்பிட்டாள். மணியே அடிக்கவில்லை. தம்பி மனைவிக்குப் போட்டாள். பிறகு அங்கே இருக்கும் மருந்துக்கடை, பள்ளிக்கூடம். எல்லாம் ஊமை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், அங்க டவர் எரிஞ்சு போச்சு! இனிமே எவனாலயும் கூப்பிட முடியாது!"

"பொறும்மா, மேல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

அவள் பொறுக்கவில்லை. குடியிருப்பில் இருக்கும் சைரன் ரேடியோவில் இயங்குவது, அதற்கு டவர் தேவையில்லை. பொத்தானை அழுத்தினாள். வண்டிகளையும் விரட்டினாள்.

தப்பி வந்தவர்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு எதிரே இருந்த மைதானத்தில் இறக்கினார்கள். தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக வந்தாள்.

"அவன் எங்கம்மா?"

"நீங்கதானே அண்ணி இன்னொருத்தரப் பேசச் சொன்னீங்க? போன் செத்துப்போச்சு. யார் போன்லயாவது சிக்னல் இருக்கான்னு மேல் வீதிக்கு ஓடினாரு. தீ வர்ற பக்கமே ஓடினாரு."

ஐயோ, என் வாயாலேயே அனுப்பிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். வந்து நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிப்போய் முகம் முகமாகப் பார்த்தாள். எதிலும் அவன் இல்லை.

கடைசி வண்டியில் வந்தான். புருவம் கருகியிருந்தது. ஒரு கையில் முழங்கை வரை ஈரத்துணி சுற்றியிருந்தார்கள். மேல் வீதிக்காரர் ஒருவரை மற்றக் கையால் இழுத்துவந்து அக்கா முன்னால் நிறுத்தினான்.

"இந்தா, நீ கேட்ட ரெண்டாவது ஆளு. எரியுதா இல்லையான்னு இவர்கிட்டயே கேட்டுக்கோ."

தம்பியின் சட்டையைப் பிடித்தபடி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.